தலைவலி தந்த எண்ணெய்

1847ஆம் ஆண்டு. இத்தாலியின் டூரின் நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடம். அடர்ந்த நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கண்ணாடிக் குடுவை ஒன்று பனிக்கட்டிக்குள் அமர்ந்திருந்தது. அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியல் பேராசிரியர் அதில் கிளிசரினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். கிளிசரின் அபூர்வமான சரக்கு கிடையாது. சோப்புக் காய்ச்சும்போது மிஞ்சி நிற்கும் பிசுபிசுப்பான திரவம். நாக்கில் பட்டால் இனிக்கும். கலவையைத் தண்ணீரில் கொட்டியபோது, மஞ்சள் சாயலோடு ஒரு கனத்த எண்ணெய் பிரிந்து அடியில் போய்த் தங்கியது. அப்படி ஒரு பொருளை அதுவரை யாரும் கண்டதில்லை.

புதுப்பொருள் கிடைத்தால் நிறம் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது, சுவைத்துப் பார்ப்பது எல்லாம் அந்தக் காலத்து வேதியியலாளர்களின் வழக்கம். சொப்ரேரோவும் ஒரு துளிக்கும் குறைவாக எடுத்து நாக்கில் வைத்தார். முதலில் இனித்தது. பிறகு காரமாகச் சுள்ளென்றது. சற்று நேரத்தில் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தன. மணிக்கணக்கில் நீடித்த அந்தத் தலைவலியை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். சுவைத்துப் பார்க்கிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். ஒரு நாய்க்குக் கொடுத்துப் பார்த்தார். அது நுரை தள்ளி வாந்தி எடுத்தது. இந்த எண்ணெய் உடம்புக்குள் புகுந்து ஏதோ செய்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வழியில் மேலே போக அவருக்கு மனம் வரவில்லை. எண்ணெய்க்கு இன்னொரு குணமும் இருந்தது.

சோதனைக் குழாயில் வைத்துச் சூடேற்றிய சிறு அளவு எண்ணெய் ஒரு நாள் வெடித்தது. கண்ணாடிச் சில்லுகள் சொப்ரேரோவின் முகத்தையும் கைகளையும் கிழித்தன. முகத்தில் தழும்பு நிலைத்தது. மனத்தில் பயமும் நிலைத்தது. இதைப் பெரிய அளவில் தயாரிக்க யாரும் துணியக் கூடாது என்பதே அவர் எண்ணம். நைட்ரோகிளிசரின் என்ற பெயரோடு அந்த எண்ணெய் ஆய்வேடுகளுக்குள் அடங்கிவிடும் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். தலைவலி பற்றி அவர் எழுதிய வரிகள் மட்டும் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போயின.

அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் கான்ஸ்டன்டைன் ஹெரிங் என்ற ஜெர்மானிய ஹோமியோபதி மருத்துவர் இருந்தார். எது நோயைத் தருமோ அதையே மிகச் சிறு அளவில் கொடுத்தால் அந்த நோய் தீரும் என்பது அவர் சார்ந்த மருத்துவத்தின் கொள்கை. தலைவலி தரும் எண்ணெய் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு ஆர்வம் பிறந்தது. 1849இல் அதைத் தயாரிக்கச் செய்து, தன்மீதும் தெரிந்தவர்கள்மீதும் சோதித்தார். நாக்கில் பட்ட சிறிது நேரத்துக்குள் நாடி துள்ளுவதையும் தலை தெறிப்பதையும் ஒவ்வொருவரிடமும் பார்த்தார். குளோனாயின் என்று பெயர் சூட்டி, தலைவலிக்கு மருந்தாகவே எழுதிக் கொடுத்தார். நாடி ஏன் துள்ளுகிறது என்ற கேள்வி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. அவரோ தலைவலியோடு நின்றுகொண்டார்.

ஏறக்குறைய அதே காலத்தில், பாரிஸில் பெலூஸ் என்ற புகழ்பெற்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்துக்கு ஸ்டாக்ஹோமில் பிறந்த இளைஞர் ஒருவர் படிக்க வந்தார். சொப்ரேரோவுக்கும் ஆசிரியராக இருந்தவர் பெலூஸ். பின்னர் அந்த இளைஞரின் குடும்பம் தொழில் நடத்திய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், பேராசிரியர் ஜினின் அவருக்கு ஒரு காட்சியைச் செய்து காட்டினார். பட்டறைக்கல்லில் ஒரு சொட்டு எண்ணெயை விட்டுச் சுத்தியால் ஓங்கி அடித்தார். அடிபட்ட இடம் மட்டும் டமாரென்று வெடித்தது. மலையைப் பிளக்கும் பலம் அந்தச் சொட்டுக்குள் இருந்தது. அதைக் கட்டுப்படுத்தும் வழி யாரிடமும் இல்லை. அந்த வழியைத் தேடித் தன் வாழ்நாளையே செலவிடப்போகும் அந்த இளைஞரின் பெயர் ஆல்ஃபிரட் நோபல்.

நோபல் வெடியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்து மருத்துவர் ஃபீல்டு வலியைப் பற்றி யோசித்தார். 1858இல் அவர் ஒரு பங்கு எண்ணெயை நூறு பங்கு சாராயத்தில் கரைத்து, அதில் இரண்டு சொட்டைத் தன் நாக்கில் விட்டுக்கொண்டார். தொண்டை இறுகியது, காதுக்குள் இரைச்சல் கேட்டது, குமட்டியது, தலை வலித்தது. பல்வலிக்கும் நரம்பு வலிக்கும் இது உதவுகிறது என்று மருத்துவ இதழில் எழுதினார். உடனே சண்டை மூண்டது. அதைவிட அதிகமாகவே சாப்பிட்டுப் பார்த்தோம், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று மற்ற மருத்துவர்கள் மறுத்து எழுதினார்கள். கடிதத்துக்கு மேல் கடிதம் வந்து, யாரும் ஜெயிக்காமல் விவாதம் ஓய்ந்தது. பழைய இதழ்களின் கட்டுக்குள் அது இருபது ஆண்டுகள் உறங்கியது.

அந்த இருபது ஆண்டுகளில் எண்ணெய் உலகத்தை உலுக்கியது. 1863இல் நோபல் அதை வேண்டும்போது வெடிக்க வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி, ஸ்டாக்ஹோம் ஹெலெனெபோரியில் இருந்த அவருடைய கூடம் வெடித்துச் சிதறியது. இறந்த ஐவரில் ஒருவன் அவருடைய தம்பி எமில், வயது இருபது. கப்பல்களிலும் சரக்குக் கிடங்குகளிலும் அடுத்தடுத்து வெடிகள். அலையாமல் குலுங்காமல் இருந்தால்தானே எண்ணெய் சாதுவாக இருக்கும்? ஒருவகை நுண்துளை மண்ணில் எண்ணெயை ஊறவைத்துப் பிசைந்தால் அது அடங்கி நிற்பதை நோபல் கண்டார். 1867இல் டைனமைட் பிறந்தது. சுரங்கமும் ரயில் பாதையும் அதன் பலத்தில் மலைகளைத் துளைத்துக்கொண்டு நீண்டன. அதே 1867இல், வெடிமருந்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் ஆஸ்பத்திரி வார்டில், கதையின் அடுத்த முடிச்சு விழுந்தது.

எடின்பரோவின் ராயல் இன்ஃபர்மரியில் லாடர் பிரன்டன் என்ற இளம் மருத்துவர் பணியில் இருந்தார். வயது 23. அவருடைய நோயாளி ஒருவருக்கு இரவு தவறாமல் நள்ளிரவுக்குப் பின் நெஞ்சுவலி வந்தது. அது மார்பை நெரிக்கும் வலி, கைக்குள் இறங்கும் வலி, இப்போதே உயிர் போய்விடும் என்று தோன்றவைக்கும் வலி. நூறு ஆண்டுகளுக்கு முன், 1768இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இதை முதன்முதலில் தெளிவாக விவரித்து ஆஞ்சைனா என்று பெயர் வைத்திருந்தார். பெயர் கிடைத்ததே தவிர மருந்து கிடைக்கவில்லை. அபினி கொடுப்பார்கள், பிராந்தி கொடுப்பார்கள், ரத்தத்தைக் கீறி வெளியேற்றுவார்கள். பிரன்டன் எல்லாவற்றையும் செய்து பார்த்தார். ரத்தம் எடுத்தபோது மட்டும் வலி சற்றே குறைந்தது. ஏன் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார்.

நாடித்துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவி அப்போது புதிது. பிரன்டன் இரவில் விழித்திருந்து, வலி வரும் நேரத்தில் நோயாளியின் மணிக்கட்டில் அதைக் கட்டினார். வலி ஏற ஏற நாடியின் இறுக்கமும் ஏறுவதைக் கோடு காட்டியது. ரத்தக் குழாய்கள் சுருங்கி முறுக்கேறுகின்றன, இதயம் அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ளித் திணறுகிறது என்று அவர் கணித்தார். அப்படியானால் குழாயைத் தளர்த்தும் பொருள் ஏதாவது வேண்டும். அமைல் நைட்ரைட் என்ற ஆவியாகும் திரவத்தை முகர்ந்தால் முகம் ரத்தச் சிவப்பாகி கழுத்து நாளங்கள் துடிக்கும் என்று வேதியியலாளர் கத்ரி எழுதியிருந்தார்; அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பிரன்டனின் நண்பர் கேம்ஜி சோதனையில் காட்டியிருந்தார். பிரன்டன் துணியில் சில சொட்டு விட்டு நோயாளியின் மூக்கில் பிடித்தார். முகம் சிவந்தது. ஒரு நிமிடத்துக்குள் வலி போய்விட்டது!

நூறு ஆண்டுகளாக மருத்துவர்களை மண்டியிடவைத்த வலி ஒரு முகர்தலில் அடங்கியது. ஆனால் அமைல் நைட்ரைட்டின் வேகம்தான் அதன் பலவீனமும். சில நிமிடங்களில் அதன் வேலை முடிந்துவிடும், வலி திரும்பி வரும். இன்னும் நின்று வேலை செய்யும் பொருள் வேண்டும் என்று பிரன்டன் தேடினார். நைட்ரோகிளிசரினும் அவர் கையில் கிடைத்தது. சாப்பிட்டுப் பார்த்தார். தலைவலி மண்டையைப் பிளந்தது. இதை நோயாளிக்குக் கொடுக்க முடியாது என்று ஒதுக்கிவைத்தார். மருந்தாக அறிமுகமாகும் பெருமை அவர் நாக்கு வரை வந்து நழுவியது. தலைவலியைப் பொறுத்துக்கொள்ளும் ஓர் ஆளுக்காக அது இன்னும் பதினொரு ஆண்டுகள் காத்திருந்தது.

அதற்குள் ஸ்காட்லாந்தின் ஆர்டியர் கடற்கரையில் நோபலின் பெரிய தொழிற்சாலை எழுந்தது. எண்ணெய் காய்ச்சும் கொட்டகைகள் மணல்மேடுகளுக்கு நடுவே தனித்தனியாக நின்றன. ஒன்று வெடித்தால் மற்றது தப்ப வேண்டுமே. கலனின் வெப்பநிலையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்ட முக்காலிக்கு மூன்று கால் இல்லை, ஒரே கால். கண்ணயர்ந்தால் சரிந்து விழுவார், விழுந்தால் விழித்துக்கொள்வார். இப்படிப்பட்ட தொழிற்சாலைகளில் புதிதாகச் சேர்ந்த எவரும் முதல் நாளே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எண்ணெய் தோல் வழியாகவே உடம்பில் ஏறியது. நாலைந்து நாளில் வலி தானாக விட்டுப்போகும். ஞாயிறு விடுமுறை கழித்துத் திங்கட்கிழமை திரும்பினால் மறுபடியும் அதே இடி. அதனால் சிலர் சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது தொப்பியின் உள்பட்டையில் கொஞ்சம் தடவிக்கொண்டு போனார்கள். ஒரு பெரிய உடலியல் உண்மையைத் தொழிலாளிகள் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு நடமாடினார்கள். அது என்ன உண்மை என்று மருத்துவ உலகம் முழுமையாக உணர நெடுங்காலம் ஆனது.

இனி வருபவர் வில்லியம் மரெல். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவர். இருபதுகளின் நடுவில் இருந்தார். இருபது ஆண்டுக்கு முந்தைய ஃபீல்டு விவாதம் அவர் கண்ணில் பட்டது. ஒரே பொருளைச் சாப்பிட்டு ஒருவர் தள்ளாடியதாகவும் இன்னொருவர் ஒன்றுமே ஆகவில்லை என்றும் எழுதியிருந்தது அவருக்கு உறுத்தியது. நூற்றுக்கு ஒரு பங்கு கரைசல் வாங்கிவைத்தார். 1878இல் ஒரு நாள் புட்டியின் தக்கையை நாக்கில் தொட்டுக்கொண்டார். அதே சமயம் ஒரு நோயாளி உள்ளே வந்ததால், தொட்டதையே மறந்து அவரிடம் விசாரிக்க ஆரம்பித்தார். நாலைந்து கேள்வி கேட்டிருப்பார். தலைக்குள் சம்மட்டி அடி விழ ஆரம்பித்தது. விரல் நுனி வரை துடிப்பு பரவியது. இதயம் அடித்த ஒவ்வோர் அடிக்கும் கையிலிருந்த பேனா எகிறி எகிறி விழுந்தது.

பிரன்டன் விலகிய இடத்தில் மரெல் கால் ஊன்றினார். முப்பது நாற்பது முறை தானே சாப்பிட்டுப் பார்த்தார். நண்பர்கள், நோயாளிகள் என்று 35 பேருக்குக் கொடுத்தார். அமைல் நைட்ரைட்டையும் நைட்ரோகிளிசரினையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, நாடிக்கோடுகளை அருகருகே வைத்து ஒப்பிட்டார். இரண்டு கோடுகளும் ஒரே வடிவம்! அமைல் நைட்ரைட் நொடிகளில் ஏறி நிமிடங்களில் இறங்கியது. நைட்ரோகிளிசரின் மெல்ல ஏறி அரை மணி நேரம் நின்றது. பிரன்டன் தேடிய பொருள் அதுவேதான். தலைவலி நஞ்சின் அறிகுறி என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். தலையின் ரத்தக் குழாய்கள் விரிந்து விம்முவதால் வரும் வலி அது. குழாய் விரிவதுதான் மருந்து. தலைவலி மருந்து வேலை செய்வதன் சாட்சி. அளவைக் குறைத்தால் தலை தாங்கும், நெஞ்சும் தேறும். கேட்டவர்கள் நம்புவார்களா என்பதுதான் மீதமிருந்த கேள்வி.

64 வயதுக்காரர் ஒருவர் நடந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும் நிலையில் வந்திருந்தார். மரெல் அவருக்குக் கரைசலைத் துளிக் கணக்கில் தண்ணீரில் கலந்து கொடுத்தார். வலி வருவது குறைந்தது. வந்த வலியும் மருந்து உள்ளே போனதும் அடங்கியது. 1879 தொடக்கத்தில் லான்செட் இதழில் தொடராக நாலு கட்டுரைகள் எழுதினார். மலையைத் தகர்க்கிற பொருளை மனிதன் வாயில் ஊற்றுவதா என்று அதிர்ந்தவர்கள் இருந்தார்கள். ஒரு துளிக்குள் நூற்றில் ஒரு பங்குதான் எண்ணெய் என்று புரியவைப்பது எளிதாக இல்லை. சாராயக் கரைசலைப் பையில் தூக்கிக்கொண்டு திரிவதும் நடக்கிற காரியமாக இல்லை. வலி தெருவில் வரும், படிக்கட்டில் வரும், பாதி ராத்திரியில் வரும். மருந்து அந்த இடத்திலேயே கையில் இருக்க வேண்டும்.

லண்டன் மருந்தாளர் வில்லியம் மார்ட்டின்டேல் அதற்கு வழி கண்டார். எண்ணெயை சாக்லேட்டில் கலந்து சின்னச் சின்ன வில்லைகளாக அச்சடித்தார். ஒரு வில்லையில் ஒரு கிரெயினில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். 1885இல் பிரிட்டனின் அதிகாரபூர்வ மருந்து நூலில் அந்த வில்லை இடம்பிடித்தது. நைட்ரோகிளிசரின் என்று சொன்னால் ஜனங்கள் மிரளுவார்கள் என்பதற்காக டிரைநைட்ரின் என்ற சாதுவான பெயரும் புழக்கத்துக்கு வந்தது. பேனாவை எகிறவைத்த எண்ணெய் இப்படித்தான் சட்டைப்பைக்குள் புகுந்தது. இதயக்கோளாறு உள்ளவர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் குட்டி மாத்திரையின் வம்சம் இங்கே தொடங்குகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்திலும் கைப்பையின் ஓரத்திலும் இருக்கிற சார்பிட்ரேட்டும் அதே வம்சம்தான். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த அதன் வேதிப்பொருளும் ஒரு நைட்ரேட். கலப்பில்லாமல் வைத்தால் அதுவும் வெடிக்கும்.

1896. பாரிஸில் ஒரு பணக்காரருக்கு நெஞ்சுவலி. மருத்துவர்கள் டிரைநைட்ரின் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைப் பார்த்தவுடன் அவருக்குப் பெயர் மாற்றம் புரிந்துவிட்டது. எண்ணெயைக் கையாண்டு கையாண்டு வாழ்நாளெல்லாம் தலைவலி கண்டவர் அவர். நைட்ரோகிளிசரினை உள்ளுக்குச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், மருந்துக்கடைக்காரரும் மக்களும் பயப்படாமல் இருக்க வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், விதியின் விளையாட்டைப் பார் என்ற பொருளில் அக்டோபரில் தன் உதவியாளர் சோல்மனுக்குக் கடிதம் எழுதினார். டிசம்பர் 10ஆம் தேதி சான் ரெமோவில் இறந்தார். ஆல்ஃபிரட் நோபல் விட்டுச்சென்ற உயிலும் இந்த எண்ணெயும் மறுபடி சந்திக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்.

மருந்து வேலை செய்தது. எப்படி என்பது மட்டும் பிடிபடவில்லை. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்களை அகலமாக்கி ரத்தம் பாயச் செய்கிறது, அதனால் வலி நிற்கிறது என்று பாடப்புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லின. 1972இல் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் கான்ஸும் ஹரால்டு மார்க்கஸும் இதைச் சோதித்தார்கள். மின்தூண்டலால் இதயத்தை வேகமாக அடிக்கவைத்து, வலி வந்ததும் நைட்ரோகிளிசரினை நேராகக் கரோனரி குழாய்க்குள்ளேயே செலுத்தினார்கள். பாடப்புத்தகம் சரியென்றால் வலி உடனே பறந்திருக்க வேண்டும். குழாயில் ரத்த ஓட்டம் கூடியது. வலி அப்படியே நின்றது. பிறகு அதே மருந்தைச் சிரை வழியாக உடம்பு முழுதும் பரவும்படி கொடுத்தார்கள். வலி அடங்கியது. மருந்தின் முக்கிய வேலை இதயத்துக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது.

உடம்பின் ரத்தத்தில் பெரும்பகுதி எந்த நேரத்திலும் சிரைகளில்தான் தங்கியிருக்கிறது. நைட்ரோகிளிசரின் சிறு அளவில் போகும்போது தமனியைவிடச் சிரையையே அதிகமாகத் தளர்த்துகிறது. தளர்ந்த சிரைகள் கால்களிலும் வயிற்றிலும் ரத்தத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. கமலையில் சால் பாதி நிறைந்து வந்தால் மாட்டின் இழுப்பு லேசாவதைப்போல, குறைவாக நிரம்பிய இதயம் குறைந்த பலத்தில் சுருங்கி வேலையை முடிக்கிறது. சுவரில் இழுவிசை குறைவதால் இதயத் தசை கேட்கும் ஆக்சிஜனும் குறைகிறது. தமனிகளும் ஓரளவு தளர்வதால் இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய அழுத்தம் இறங்குகிறது. கரோனரி குழாய்கள் விரிவது கூடுதல் உதவி. குழாய் திடீரென்று சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் நோயில் மட்டும் அதுவே பிரதானம். அடைப்பு கரையவில்லை, இதயம் பலப்படவும் இல்லை. கேட்பதைக் குறைத்துக்கொண்டதால் கிடைப்பது போதுமானதாயிற்று. நோயாளியின் ரத்தத்தைக் கீறி எடுத்தபோது வலி குறைந்ததன் சூட்சுமமும் இதுதான். பிரன்டனின் கத்தி செய்த வேலையை மாத்திரை கீறாமல் செய்தது. நின்றுகொண்டே வாயில் வைத்துக்கொண்டவர்கள் சிலர் ஏன் மயங்கி விழுந்தார்கள் என்பதற்கும் விடை கிடைத்தது. உட்கார்ந்தபின் வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

சொப்ரேரோவும் மரெலும் தற்செயலாக நாக்கைத் தேர்ந்தெடுத்ததும் பாக்கியம்தான். விழுங்கினால் இந்த மருந்து முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கே பெரும்பகுதி சிதைந்துவிடும். நாக்கின் அடியில் மெல்லிய தோலுக்குக் கீழே ஓடும் சிரைகள் கல்லீரலைத் தொடாமல் இதயத்தை நோக்கியே போகின்றன. எண்ணெய்க்கு ஆவியாகிற குணமும் உண்டு. மாத்திரையைப் பிளாஸ்டிக் டப்பாவிலோ பஞ்சுக்கு நடுவிலோ வைத்தால் மருந்து அவற்றுக்குள் ஊறிப்போய், மிஞ்சுவது வெறும் மாவு என்பதும் 1970களில் தெரியவந்தது. கண்ணாடிப் புட்டி கட்டாயமானது அப்படித்தான். குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துவது எது என்ற அடிப்படைக் கேள்விக்கு மட்டும் அப்போது விடை இல்லை.

1977இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஃபெரிட் முராட் அதன் வாசலைத் தட்டினார். நைட்ரோகிளிசரினும் அதன் உறவுப் பொருள்களும் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிடுகின்றன, அந்த வாயு தசைக்குள் ஒரு நொதியைத் தூண்டுகிறது, அதனால் தசை தளர்கிறது என்றார். நைட்ரிக் ஆக்சைடு வண்டிப் புகையில் இருக்கும் நச்சு வாயு. அது ரத்தக் குழாயோடு பேசுகிறதா என்று பலர் தலையை ஆட்டினார்கள். உடம்புக்கு ஏற்கெனவே பழக்கமான மொழியில்தான் அது பேசுகிறது என்பதை நியூயார்க்கில் நடந்த ஒரு கைப்பிழை காட்டிக்கொடுத்தது.

புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் ரத்தக் குழாயைத் துண்டு போட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். வயது அறுபதைக் கடந்திருந்தது. ஒரு குறிப்பிட்ட வகை மருந்தை விட்டால் துண்டு எப்போதும் சுருங்கும். அவருக்கு அது வருஷக்கணக்கில் பழகிய காட்சி. 1978இல் உதவியாளர் ஒருவர் சொன்ன வரிசையை மாற்றிச் செய்தபோது துண்டு சுருங்காமல் தளர்ந்தது. அதட்டி அனுப்பாமல் ஃபர்ச்காட் துருவினார். துண்டு எடுக்கும்போது அதன் உள்பக்கம் விரலிலோ தட்டிலோ லேசாக உராய்ந்தாலும், ஒற்றைச் செல் அடுக்கான உட்படலம் உரிந்துவிடுகிறது. படலம் போனால் சுருங்குகிறது, படலம் இருந்தால் தளர்கிறது. அப்படியானால் படலத்திலிருந்து ஏதோ ஒன்று கிளம்பித் தசைக்குச் சேதி சொல்கிறது. படலம் உரிந்த துண்டோடு படலம் உள்ள துண்டை ஒட்டிவைத்தார், உரிந்ததும் தளர்ந்தது. 1980இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். அந்தத் தூதன் யார் என்று உலகம் முழுக்க வேட்டை தொடங்கியது.

1986 ஜூலையில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் நடந்த கருத்தரங்கில் ஃபர்ச்காட் எழுந்து, அந்தத் தூதன் நைட்ரிக் ஆக்சைடாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அதே மேடையில் லூயி இக்னாரோவும் தனி வழியில் அதே முடிவுக்கு வந்திருப்பதை அறிவித்தார். மறு ஆண்டு லண்டனுக்கு அருகே சால்வடோர் மொன்காடாவின் குழு வாயுவை அளந்தே காட்டிவிட்டது. ரத்தக் குழாய்கள் தம்மைத் தளர்த்திக்கொள்ளத் தாமே அந்த வாயுவைச் சுரந்துகொண்டிருந்தன. நைட்ரோகிளிசரின் வெளியிலிருந்து அதையே கொண்டுபோய்க் கொடுக்கிறது. 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. டைனமைட் சம்பாதித்த பணம், டைனமைட்டின் எண்ணெய் நெஞ்சுவலியை ஏன் தீர்க்கிறது என்று சொன்னவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மொன்காடாவின் பெயர் பட்டியலில் இல்லை. அவருக்கும் பங்கு உண்டு என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அது நியாயமான குரல் என்றே எனக்கும் தோன்றுகிறது.

இதற்கிடையே தொப்பிக்காரர்களின் ரகசியம் ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. 1980களின் தொடக்கத்தில் தோலில் ஒட்டிக்கொள்ளும் நைட்ரோகிளிசரின் பட்டைகள் வந்தன. நாள் முழுக்க மருந்து சீராக இறங்கும், வலியே வராது என்று மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். ஒரு நாள் கழிவதற்குள் மருந்தின் பலம் தேய ஆரம்பித்தது. நாலாம் நாள் தலைவலி நின்ற வெடிமருந்துத் தொழிலாளிக்கு நடந்ததேதான் இது, உடம்பு பழகிவிட்டது. திங்கட்கிழமை வலி திரும்பியதும் அதே கணக்கு. ஒரு நாள் மருந்தில்லாமல் இருந்தால் உடம்பு பழக்கத்தை மறந்துவிடும். இன்னொரு கொடிய பக்கமும் தெரிந்தது. பழகிய உடம்புக்கு எண்ணெய் திடீரென்று நின்றால் குழாய்கள் எதிர்த்துச் சுருங்கும். அடைப்பே இல்லாத சில தொழிலாளிகளுக்கு விடுமுறை நாட்களில் நெஞ்சுவலி வந்ததையும் சிலர் இறந்ததையும் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள்.  பட்டைக்கு வழி பிறந்தது தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து: பத்துப் பன்னிரண்டு மணி நேரம், பெரும்பாலும் இரவில், அதைக் கழற்றிவைக்கச் சொன்னார்கள். மறுநாள் மருந்து மறுபடி வேலை செய்தது.

உடம்பு பழகுவது எப்படி என்பதற்கு ஒரு திடமான துப்பு 2002இல் கிடைத்தது. ஜொனாதன் ஸ்டாம்லரின் குழு, நைட்ரோகிளிசரினை உடைத்து வேலைக்கு ஏவும் நொதியைச் செல்லுக்குள் அடையாளம் கண்டது. மது அருந்தியவரின் உடம்பில் சாராயக் கழிவை அகற்றும் அதே நொதி. நைட்ரோகிளிசரினை உடைக்க உடைக்க அந்த நொதியே செயலிழக்கிறது. ஓய்வு கொடுத்தால் மீள்கிறது. சீனா, ஜப்பான், கொரியா நாடுகளில் கணிசமானோருக்கு இந்த நொதி பிறவியிலேயே பலவீனம். ஒரு மடக்கு மதுவில் முகம் சிவந்துபோகிறவர்கள் அவர்கள். அவர்களில் பலருக்கு நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரை மற்றவர்களுக்குக் கேட்கிற அளவுக்குக் கேட்பதில்லை என்று சீனாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஒருவருக்குத் தலை தெறித்தது, இன்னொருவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று 1858இல் சண்டை போட்ட மருத்துவர்களின் கடிதங்களை, உடம்புக்கு உடம்பு மருந்து மாறும் விதத்தை ஆராய்கிறவர்கள் இனி வேறு கண்ணோடு படிக்கலாம்.